அழுகைப் பொருத்தம்

ஆவாரங்குளத்தில் தெருவும் இரண்டு, பெட்டியும் இரண்டு. மேலத்தெருப் பெட்டி எழுதியதைக் கீழத்தெருப் பெட்டி வாசிக்காது, கீழத்தெருப் பெட்டி எழுதியதை மேலத்தெருப் பெட்டி ஏறிட்டும் பார்க்காது, ஆனால் பெண் கொடுக்கவும் எடுக்கவும் இந்த இரண்டு தெருவை விட்டால் அந்த ஊருக்கு வேறு போக்கிடம் கிடையாது என்பதால், கம்ப்யூட்டர் ஜாதகம் என்ற ஒன்று வந்து சேர்ந்த நாளிலிருந்து அங்கே கல்யாணம் குதிரைக்கொம்பாகிப் போனது.

மேலத்தெருப் பெட்டிதான் மூத்தது. லண்டனில் இருந்த மருமகன், தன் பிள்ளைகள் விளையாடி அலுத்துப்போன வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றைக் கம்பளியில் சுற்றிக் குற்றாலிங்க ஜோசியருக்கு அனுப்பிவைக்க, அவர் அதை டிவியோடு சேர்த்துக் கட்டி, திரைக்குச் சந்தனப் பொட்டு வைத்து, ஊராருடைய கட்டங்களை எல்லாம் ஆளுக்கொரு பிளாப்பியில் ஏற்றினார். பிளாப்பி என்பது கருகிப்போன அப்பளத்தைச் சதுரமாக நறுக்கியது போல இருக்கும். சில வருஷம் கழித்துக் கீழத்தெரு நெல்லையப்பருக்குச் சிங்கப்பூரிலிருந்து வேறொரு சாதிப் பெட்டி வந்தது. அது புதுசு, சத்தம் குறைவு, நறுவிசு அதிகம். கீழத்தெருக்காரர்கள் அன்றோடு மேலத்தெருவுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார்கள். ஜனங்கள் பிளாப்பியைச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்துத் திருநீறு பூசி, நடு ஓட்டையைச் சுற்றிக் குங்குமம் இட்டு வைத்திருப்பார்கள். பெட்டிக்குள் போனதும் குங்குமமெல்லாம் பிளாப்பியை வாசிக்கிற அதன் ஹெட்டில் அப்பிக்கொள்ளும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அந்தச் சிவப்பைத் துடைத்தெடுப்பதுதான் நெல்லையப்பரின் கீழத்தெரு ஜாதக நிலையத்தில் வேலை பார்த்த சங்கரவடிவுக்குக் காலையில் முதல் காரியம்.

வடிவுக்கு முப்பது தாண்டிவிட்டது. அவளுடைய ஜாதகத்தில் செவ்வாய் உட்கார்ந்திருந்த இடம் சரியில்லை என்று மேலத்தெருப் பெட்டி என்றைக்கோ சொல்லிவிட்டது; ஊரில் அந்த ஒரு பெட்டி மட்டும் இருந்த காலத்தில் எழுதிய பிளாப்பி அவளுடையது. அதைக் கேட்டு வாசல் ஏறியவர்கள் நாளாவட்டத்தில் குறைந்து, பிறகு இல்லாமலே போய், பிளாப்பி டிரங்குப் பெட்டியின் அடியில் பழைய சீலைகளோடு கிடந்தது.

முதன்முதலாகக் கீழத்தெருப் பெண் ஒருத்தியின் பிளாப்பி மேலத்தெருவுக்குப் போனபோது, விவரம் தெரிந்தவள் என்று அதைக் கொண்டுபோனவளும் வடிவுதான். குற்றாலிங்க ஜோசியரின் பெட்டி பிளாப்பியை விழுங்கி, கடகடவென்று பல்லைக் கடித்து, திரையில் இங்கிலீஷில் ஒரு வரியைத் துப்பியது.

"என்னம்மா சொல்லுது?" என்றார் ஜோசியர்.

"பொருத்தம் இல்லைன்னு சொல்லுது, மாமா."

இந்தப் பிளாப்பிக்கும் இந்தப் பெட்டிக்கும் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் வெற்றிலைத் தட்டு எழுந்துவிட்டது, தட்டுக்குப் பின்னாலேயே மாப்பிள்ளை வீடும் எழுந்துவிட்டது. வாயிலிருந்து விழுந்த சொல் விழுந்ததுதான். "பெட்டிக்குத்தான் பொருத்தம் இல்லை, பெண்ணுக்கு இல்லை" என்று அவள் தெருத் தெருவாகச் சொல்லிப் பார்த்தாள், "ஏட்டி, பெட்டியே பொருத்தம் இல்லைன்னு சொன்ன பிறகு நீ யாரு?" என்று கேட்டார்கள். இப்படியே கீழத்தெருப் பெண்கள் கீழத்தெருவிலும் மேலத்தெரு மாப்பிள்ளைகள் மேலத்தெருவிலும் தேங்கிப்போக, ஊர்ப் பெரியவர்கள் வடிவைக் கூப்பிட்டு, "நீதானே சொன்ன, நீயே பொருந்த வை" என்றுவிட்டார்கள்.

அவள் இரண்டு பெட்டியின் வாயையும் திறந்துவைத்துப் பார்த்தாள். சங்கதி பெரிசாக ஒன்றுமில்லை. மேலத்தெருப் பெட்டியின் ஹெட் அகலம். அது பிளாப்பியில் மாட்டு வண்டி போல அகலத் தடம் போட்டு எழுதும். கீழத்தெருப் பெட்டியின் ஹெட் ஒல்லி; சைக்கிள் போல ஒடுக்கமாக, நெருக்கி நெருக்கி எழுதும். ஒல்லிப் பெட்டியை ஒரு தடம் விட்டு ஒரு தடம் எழுதச் சொன்னால் அகலப் பெட்டியும் வாசித்துவிடும்; அப்படியே விட்டு விட்டு வாசிக்கச் சொன்னால் அகலப் பெட்டி எழுதியதை ஒல்லிப் பெட்டியும் வாசித்துவிடும். எழுதுவதற்கு ஒரே ஒரு நிபந்தனை, பிளாப்பி புதிதாக இருக்க வேண்டும். மேலத்தெருப் பெட்டி ஏற்கெனவே எழுதிய பிளாப்பியின் மேல் கீழத்தெருப் பெட்டியை எழுதவிட்டால், கரிசல் மண்ணில் வண்டித் தடத்தின் மேல் சைக்கிள் ஓட்டின கதைதான். சைக்கிள் தடமும் இருக்கும், இரண்டு பக்கமும் வண்டித் தடமும் இருக்கும், அகலப் பெட்டி எதை வாசிப்பது என்று தெரியாமல் திணறும். 'பழைய பிளாப்பியில் எழுதக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் எழுதி அவளே நிலையத்துச் சுவரில் ஒட்டிவைத்தாள்.

அப்படி எழுதிய முதல் பிளாப்பி இசக்கியம்மாளுடையது. மாப்பிள்ளை மேலத்தெரு ரைஸ் மில் பேராச்சியம்மாளின் மகன் ஆவுடையப்பன். ஜோசியர் வீட்டுப் பட்டாசாலையில் இரண்டு வீட்டாரும் உட்கார்ந்திருக்க, இசக்கி லட்டுத் தட்டை நீட்டிக்கொண்டு குனிந்த தலையோடு நிற்க, வடிவு பிளாப்பியை உள்ளே தள்ளினாள். பெட்டி பல்லைக் கடிக்கவில்லை. பன்னிரண்டு கட்டமும் சுத்தமாகத் திரையில் வந்து நின்றன. அடுத்தாற்போல, டிவியின் ஒலிக்குழிக்குள்ளிருந்து இசக்கியின் குரலில் பெட்டி அழ ஆரம்பித்தது.

விம்மி விம்மி, மூச்சு வாங்கி, மறுபடி விம்மி அழுதது. லட்டுத் தட்டோடு நின்ற இசக்கியின் கண்ணில் பொட்டு ஈரமில்லை. தன் வீட்டு மாடு அடுத்த தெருவில் கத்துவதைக் கேட்பவள் போல அவள் தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பேராச்சியம்மாள் லட்டைப் பிட்டு வாயில் போட்டபடி சொன்னாள்:

"சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க, ஜோசியரே. பேசணும்லா."

ஜோசியர் டிவியின் குமிழைத் திருகினார். சத்தம் குறைந்தது. பேசி முடித்து நாள் குறித்தார்கள்.

அதற்குப் பிறகு மேலத்தெருவுக்குப் போன கீழத்தெருப் பெண்ணின் பிளாப்பி எதுவும் அழாமல் இருந்ததில்லை. பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியார் இது ஈரப்பதம் என்றார். ஈரப்பதம்தானே, தப்பில்லை என்று ஊர் ஒப்புக்கொண்டது. ஆனால் ஒரு காரியம் நடக்க ஆரம்பித்துவிட்டால் அதற்கு ஒரு பலன் சொல்லாமல் அந்த ஊரால் சாப்பிட முடியாது. ஏற்கெனவே இருந்த பத்துப் பொருத்தத்தோடு பதினொன்றாவதாக அழுகைப் பொருத்தம் என்று ஒன்றைச் சேர்த்து, குற்றாலிங்க ஜோசியர் அதற்கு லட்சணமும் வகுத்தார்: மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதால் சிக்கனக்காரி, ஒப்பாரி மாதிரி ராகம் இழுத்தால் நாத்தனாருக்கு ஆகாது, நடுவில் வார்த்தை வந்தால், அது எந்த வார்த்தையாக இருந்தாலும், குடும்பம் விளங்காது, மாமியார்க்காரி தொண்டையைச் செருமினதும் சட்டென்று அடங்குகிற அழுகைதான் உத்தமம். பெண்ணைப் பெற்றவர்கள் பிளாப்பி எழுதப் போவதற்கு முந்தின வாரமே பெண்ணை உட்காரவைத்து, "மெல்ல அழுட்டி, அடிவயித்துலேருந்து அழாதே, தொண்டையோட நிறுத்து" என்று பழக்கினார்கள். கூட்டம் கூடுகிற பெரிய வீட்டு நிச்சயங்களுக்கு மைக்செட் அந்தோணி குழாய் ஒலிபெருக்கி கட்டிக்கொடுத்தான். தெருவில் பாண்டி ஆடுகிற சின்னப் பிள்ளைகள்கூடத் தோற்றவளை நடுவில் உட்காரவைத்து, "பிளாப்பி பிளாப்பி, அழு பார்ப்போம்" என்று கைதட்டினார்கள்.

ஆண்களின் பிளாப்பியும் அழாமல் இல்லை. ஆவுடையப்பனுடையதே, ஒத்துப் பார்க்கக் கீழத்தெருப் பெட்டியில் போட்டபோது, அடிக்குரலில் எதையோ முனகிக்கொண்டு அழுதது. கூட வந்திருந்த ஜோசியர் உடனே பெட்டியைப் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி, "பிளாப்பியைச் சுத்துற பெல்ட்டுக் கோளாறு" என்றார். ஆம்பிளைப் பிளாப்பி அழுதால் அது பெல்ட்டுக் கோளாறு என்பது அன்றிலிருந்து ஊருக்கே தெரிந்த விஷயமாயிற்று.

இசக்கியின் அழுகை நூல் பிடித்தது போல ஒரே சீராக இருந்தது என்று ரொம்ப நாள் பேசிக்கொண்டார்கள். அடுத்த ஆடிக்குள் அவள் மில் வீட்டுக் கிணற்றில் கிடந்தாள். தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் தவறி விழுந்துவிட்டாள் என்றார்கள். அந்தக் கிணற்றின் கைப்பிடிச் சுவர் இடுப்புக்கு மேலே இருக்கும்; இடுப்புக்கு மேலே இருக்கிற சுவரைத் தாண்டித் தவறுவது எப்படி என்று கேட்க இரண்டு தெருவிலும் யாருக்கும் வாய் வரவில்லை. சீலை துணிமணியோடு பிளாப்பியையும் மில் வீட்டார் திருப்பி அனுப்பினார்கள். இசக்கியைப் பெற்றவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு கீழத்தெரு நிலையத்துக்கு வந்தாள்.

"வடிவு, ஒரு தடவை எம் பிள்ளை சத்தத்தைக் கேக்கணும். போடு தாயி."

வடிவு போட்டாள். ஆனால் எழுதின பெட்டியில் எந்தப் பிளாப்பியும் அழாது. அந்நியப் பெட்டிக்குள் போனால்தான் அதற்கு அழுகை வரும். பன்னிரண்டு கட்டம் மட்டும் வந்தது, கீழே 'ஆயுள் தீர்க்கம்' என்று ஒரு வரி வந்தது. அந்தம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள். வடிவு அந்தப் பக்கம் திரும்பி, சுத்தமாக இருந்த ஹெட்டை மறுபடியும் பஞ்சால் துடைத்தாள்.

வருஷம் திரும்பவில்லை, பேராச்சியம்மாள் மகனுக்கு இரண்டாம் தாரம் தேட ஆரம்பித்தாள். தேடின கண் வடிவின் தங்கச்சி உலகம்மாள் மேல் விழுந்தது. உலகு வாத்தியார்ப் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டிருந்தவள், தெருமுனையில் சிரித்தால் குளக்கரையில் கேட்கும் என்று பேர் வாங்கினவள். அப்பா இல்லாத வீடு. அம்மா வந்த சம்பந்தத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ரெண்டாந்தாரம்னா என்ன? மில்லு இருக்கு, மச்சு வீடு இருக்கு. மூத்தவ இப்படி நின்னுபோனா. இளையவளையும் வீட்டுல வெச்சு நான் என்ன ஊறுகாயா போடப் போறேன்?"

"அந்த வீட்டுக் கிணறு எவ்வளவு ஆழம்னு விசாரிச்சியாம்மா?" என்றாள் உலகு.

"வாயைக் கழுவுட்டி."

அம்மா அடுப்படிக்குப் போன பிறகு உலகு அக்காளின் அருகில் வந்து உட்கார்ந்தாள். அவள் சிரிக்கவில்லை என்பதே வடிவுக்குப் பயமாக இருந்தது.

"யக்கா, நான் அழமாட்டேன். எம் பிளாப்பி கத்தும். 'வேண்டாம் வேண்டாம்'னு வார்த்தையாக் கத்தும். அப்ப விட்டுருவாங்கள்லா?"

"விடமாட்டாங்கட்டி. ரெண்டாந்தாரத்துக்கு வார்த்தை வந்தாப் பரவாயில்லைன்னு ஜோசியர் மாமா போன வாரமே பலனை மாத்திட்டாரு."

"அப்ப நான் என்ன செய்ய?"

வடிவு மூலையில் இருந்த டிரங்குப் பெட்டியைப் பார்த்தாள். ஒரு சொல்லால் ஊரைக் கெடுத்தவள் தான்தான் என்று அவளுக்கு எப்போதும் ஓர் எண்ணம் உண்டு. 'பொருத்தம் இல்லை' என்ற அந்தச் சொல்லை இப்போது பெட்டியின் வாயிலிருந்து ஒரே ஒரு தடவை திரும்ப வாங்கிவிட்டால் போதும்.

"பெட்டி வாசிக்காது. நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

மறுநாள் மத்தியானம் நெல்லையப்பர் சாப்பிடப் போயிருந்த வேளையில், அவள் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துவந்த தன்னுடைய பழைய பிளாப்பியை, மேலத்தெருப் பெட்டி அகலத் தடம் போட்டு எழுதிய அந்தப் பிளாப்பியை, கீழத்தெருப் பெட்டிக்குள் வைத்து, எதைச் செய்யக் கூடாது என்று சுவரில் ஒட்டியிருந்தாளோ அந்தச் சுவரைப் பார்த்தபடியே அதன் மேல் தங்கச்சியின் ஜாதகத்தை எழுதினாள். வண்டித் தடத்தின் மேல் சைக்கிள் ஓடியது. இனி மேலத்தெருப் பெட்டி திணறும், பல்லைக் கடிக்கும், பொருத்தம் இல்லை என்று துப்பும், துப்பிவிட்டால் பேராச்சியம்மாளின் வெற்றிலைத் தட்டு தானாக எழுந்துவிடும். பிளாப்பியின் மேல் ஒட்டியிருந்த தன் பேரை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு 'உலகம்மாள்' என்று எழுதி ஒட்டினாள்.

நிச்சயத்துக்குக் குறித்த காலையில் ஜோசியர் வீட்டுப் பட்டாசாலை நிறைந்துவிட்டது. ஆவுடையப்பன் வேர்க்கடலையை உடைத்து உடைத்துத் தோலைத் தன் காலடியிலேயே போட்டுக்கொண்டிருந்தான். உலகு தலை நிறையப் பிச்சிப்பூவோடு லட்டுத் தட்டை நீட்டி நின்றாள். இசக்கி நின்ற அதே இடம், அதே தட்டு. வடிவு பிளாப்பியை உள்ளே தள்ளினாள்.

பெட்டி பல்லைக் கடித்தது. கடகடவென்று கடித்தது, ஒரு தடவை நின்று, பின்னுக்குப் போய், மறுபடி கடித்தது. உலகு தலை நிமிராமலே அக்காளைப் பார்த்தாள். இன்னும் ஒரு கடி, இன்னும் ஒரு கடி என்று வடிவு மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தாள். அப்போது பெட்டி மூச்சு விட்டாற்போல ஒரு சத்தம் போட்டு அமைதியானது. உலகுவின் பன்னிரண்டு கட்டமும் திரையில் வந்து நின்றன. கட்டங்களுக்கு அடியிலிருந்து, ஓரத்திலிருந்து, அழியாமல் கிடந்த அகலத் தடத்திலிருந்து, அழுகை வந்தது.

அது உலகுவின் அழுகை இல்லை. கையில் வேலையை வைத்துக்கொண்டே அழுகிறவளின் அழுகை அது. அடுத்த அறையில் இருப்பவர்களுக்குக் கேட்டுவிடாமல் மூச்சைச் சின்னச் சின்னதாக முறித்து முறித்து விட்டு, நடுநடுவே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, முடியும் போல இருந்து முடியாமல், மறுபடி அதே இடத்திலிருந்து ஆரம்பித்து, பிள்ளையும் குட்டியும் வாசலும் கோலமுமாக இருந்திருக்க வேண்டிய வருஷங்கள் முழுக்க நீண்டு நீண்டு போயிற்று. தான் அழுததே இல்லை என்றுதான் வடிவு அதுவரை நினைத்திருந்தாள்.

பேராச்சியம்மாள் தொண்டையைச் செருமினாள். அழுகை சட்டென்று அடங்கியது.

"ஆகா!" என்றார் ஜோசியர். "நாப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், இப்படிப் பதமான அழுகையைக் கேட்டதில்லை. என்ன பொறுமை! என்ன அடக்கம்!"

"இதுதான் குடும்பத்துக்கு ஆகிற அழுகை" என்றாள் பேராச்சியம்மாள். "மொதல்ல வந்தவ அழுகைகூட இதுக்கு முன்னால நிக்காது."

கூடியிருந்த பெண்கள் உச்சுக்கொட்டி ரசித்தார்கள். அம்மா மட்டும் தலையைத் தூக்கவில்லை. பெற்றவளுக்குத் தெரியாதா எந்தக் குரல் யாருடையது என்று? அவள் தரையில் கிடந்த கடலைத் தோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கையில் சேர்த்துக்கொண்டிருந்தாள். பேராச்சியம்மாள் மடியிலிருந்த பூவை எடுத்துக்கொண்டு எழுந்தபோது, வடிவு பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

"அது அவ அழுகை இல்லை அத்தை. என்னுடையது. எம் பிளாப்பி மேலதான் எழுதினேன். இந்தப் பேச்சு செல்லாது."

ஆவுடையப்பன் கடலை உடைப்பதை நிறுத்தினான். இனி திட்டுவார்கள், அடிக்கவும் வருவார்கள், வந்த தட்டு திரும்பிப் போகும், அது போதும் என்று வடிவு நின்றாள். பேராச்சியம்மாள் அவளை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரைக்கும், மில்லுக்கு வந்த நெல்லைக் கையில் அள்ளிப் பார்ப்பது போல நிதானமாகப் பார்த்தாள்.

"அப்ப நல்லதாப் போச்சு" என்றாள். "எங்களுக்கு வேண்டியது அந்த அழுகை. அழுதவ எவளோ அவளையே எடுத்துக்கிடுதோம். வயசு கொஞ்சம் கூடத்தான், அவனுக்கு மட்டும் என்ன மொதல் கல்யாணமா? என்னலே சொல்லுத?"

"நீ சொன்னாச் சரிம்மா" என்றான் ஆவுடையப்பன்.

"செவ்வாய் இருக்கே, மதினி" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"ரெண்டாந்தாரத்துக்குச் செவ்வாய் என்ன செய்யும்?" என்றார் ஜோசியர். "அதோட இது எங்க பெட்டி எழுதின பிளாப்பி. எழுதின பெட்டியில எதுவும் அழாது; இது இந்தப் பெட்டியிலேயே பொறந்து, இந்தப் பெட்டியிலேயே அழுதிருக்கு. பொருத்தத்துக்கு இனிமே கேக்கவா வேணும்?"

'பொருத்தம் இல்லை' என்று சொல்ல வடிவு வாயைத் திறந்தாள். சொன்னாள் என்றும் சொல்லலாம், சத்தம் வரவில்லை என்றும் சொல்லலாம். அந்த ஊரில் அந்தச் சொல்லைப் பெட்டி சொன்னால்தான் காதில் விழும். அம்மா எழுந்துவந்தாள். பொறுக்கின கடலைத் தோலை ஜன்னலுக்கு வெளியே போட்டுவிட்டு, கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு, உலகுவின் தலையிலிருந்து பிச்சிப்பூவை அவிழ்த்து வடிவின் தலையில் வைத்தாள். வைக்கும்போது அவள் முகத்தில், இத்தனை வருஷமாக வடிவு பார்க்க ஏங்கின சந்தோஷம் இருந்தது. பூ கனமாக இருந்தது, வேறொரு தலையின் சூடு அதில் இன்னும் ஆறாமல் இருந்தது.

லட்டுத் தட்டு தரையில் விழுந்தது. உலகு அழ ஆரம்பித்தாள். நெஞ்சைப் பிளந்துகொண்டு, வார்த்தையும் வசவுமாக, "யக்கா, யக்கா" என்று குளக்கரை வரைக்கும் கேட்கிற குரலில் அழுதாள்.

பேராச்சியம்மாள் முகம் சுளித்தாள்.

"சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க, ஜோசியரே. பேசணும்லா."

ஜோசியர் டிவியின் குமிழைத் திருகினார். குமிழ் கடைசி வரைக்கும் போய் முட்டியது. திரை இருண்டது, பெட்டியின் சிவப்பு விளக்கும் அணைந்தது. சத்தம் குறையவில்லை. அவர் குனிந்து பெட்டியைப் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்து நிமிர்ந்தார்.

"பெல்ட்டா இருக்கும்" என்றார்.

எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டி, வெற்றிலைத் தட்டை எடுத்து வடிவின் கையில் கொடுத்தார்கள்.